ட்ராம்போலின் பார்க்குக்கு முதல் முறை போகிறீர்களா? டிக்கெட் வாங்குமுன் இருபது நிமிடம்

கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பச்சை நிறங்கள், காதைப் பிளக்கும் பாட்டு, வாசலில் சாக்ஸ் விற்கும் கவுன்டர். சென்னை, கோவை, பெங்களூரு வணிக வளாகங்களில் இருக்கும் ஸ்பிரிங் வலையில் குதித்து விளையாடும் இன்டோர் ட்ராம்போலின் பார்க்குகளும், தொங்கியும் ஏறியும் தடைகளைக் கடக்கும் நிஞ்சா கோர்ஸ்களும் முதல் பார்வைக்கு அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாகவே தெரியும். நல்ல இடம் எது, ஒப்பேற்றும் இடம் எது என்று கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டாம். பல இடங்களில் பெற்றோர் உட்காரும் பகுதிக்குக் கட்டணம் கிடையாது. அங்கே இருபது நிமிடம் உட்கார்ந்து, எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் பார்த்தால் போதும்.

கிளம்புமுன் ஒரு போன்

போனில் விலையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். பிள்ளையின் வயது, உயரம், எடை மூன்றையும் சொல்லி, எந்தெந்தப் பகுதியில் விடுவீர்கள் என்று கேளுங்கள். வயது எல்லோருக்கும் தெரியும், உயரம் தெரியாது. வீட்டுச் சுவரில் நிற்க வைத்து அளந்துவிட்டே போன் செய்யுங்கள். கயிறு, பெல்ட் மாட்டி ஏறும் பகுதிகளுக்குப் பல இடங்களில் 110 அல்லது 120 செ.மீ. உயரம் கேட்பார்கள். அங்கே போய் நின்ற பிறகு "நீ உள்ளே போக முடியாது" என்றால் பிள்ளை அழும் அழுகையை ஒரு இன்ச் டேப் தவிர்த்துவிடும்.

அடுத்து, ஒரு ஸ்லாட்டில் அதிகபட்சம் எத்தனை பேரை விடுவார்கள், சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இடமோ தனி நேரமோ உண்டா என்று கேளுங்கள். எண்ணிக்கையைப் பளிச்சென்று சொன்னால் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது என்று அர்த்தம். "எல்லாரும் விளையாடலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று பதில் வந்தால் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை வார நாளில் முதல் ஸ்லாட்டை அடித்துக்கொள்ள வேறு நேரம் இல்லை. மெத்தைகள் உலர்ந்திருக்கும், விளையாடுபவர்களைக் கண்காணிக்கும் ஊழியர்களான மார்ஷல்கள் களைத்திருக்க மாட்டார்கள், கூட்டமும் இருக்காது. ஞாயிறு மாலையும் ஏப்ரல், மே விடுமுறையும் புதியவர்களுக்கு ஏற்ற நேரம் அல்ல. ஒரே நேரத்தில் இரண்டு பிறந்தநாள் பார்ட்டி புக் ஆகியிருந்தால் அன்றைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

உள்ளே போனதும் முதல் வேலை: இரண்டாவது கதவு

2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டுக் கூடம் தீப்பிடித்து, குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். வெல்டிங் வேலையில் பறந்த பொறி, அருகில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாத கட்டடம் எல்லாம் சேர்ந்துகொண்டன. விடுமுறை நாள், மாலை நேரம், சலுகை டிக்கெட், நிறையக் கூட்டம். நம் ஊர்க் கூடங்களிலும் இதே மூலப்பொருள்கள்தான் இருக்கின்றன. ஃபோம் கட்டை, மெத்தை, ரெக்சின் உறை எல்லாமே பெரும்பாலும் பாலியூரித்தேன், பிளாஸ்டிக் வகை. பிடித்தால் மளமளவென்று எரியும். எரியும்போது வரும் கரும்புகை நெருப்பைவிட முந்திக்கொண்டு ஆளை விழுத்தும்.

ஆகவே நுழைந்த வாசலைத் தவிர வேறு வழி எங்கே என்று தேடி, அந்தக் கதவு வரை நடந்தே போய்ப் பாருங்கள். பூட்டுத் தொங்குகிறதா? பார்ட்டி நாற்காலிகளை அடுக்கி அடைத்திருக்கிறார்களா? கதவுக்குப் பின்னால் இருப்பது படிக்கட்டா, குப்பைக் கூடையா? தீயணைப்பானில் உள்ள சின்ன முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். அதில் தொங்கும் அட்டையில் அடுத்த சோதனைத் தேதி கடந்திருக்கக் கூடாது. ஆட்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது ஒரு மூலையில் வெல்டிங்கோ கட்டிங் மெஷினோ ஓடினால், கேள்வியே கேட்காமல் திரும்பிவிடுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும்.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் கேட்டு வையுங்கள். ஜெனரேட்டர் எடுக்கும் வரை அவசர விளக்கு எரிகிறதா என்பது ஒன்று. காற்றடைத்த தடைப்பாதை இருந்தால் ஊதும் மோட்டார் நின்றதும் அது மெல்ல அமுங்கும் என்பது இன்னொன்று. அப்படி ஆகும்போது உள்ளே இருக்கும் பிள்ளைகளை வெளியே எடுக்க ஆள் யார் என்று கேட்டால், பதிலாக ஒரு பெயர் வர வேண்டும்.

மார்ஷலைப் பாருங்கள்

ஒரு கூடத்தின் தரத்தை எடைபோட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு முதலில் மார்ஷல்களை எண்ணுங்கள். ஒவ்வொருவரும் எந்தப் பகுதியைப் பார்க்கிறார் என்று பாருங்கள். ஃபோம் கட்டைகள் நிரப்பிய குழியான ஃபோம் பிட், ஏறும் சுவர், கயிற்றுப் பாதை மூன்றுக்கும் தனித்தனி ஆள் வேண்டும். ஒரே ஆள் மூன்றுக்கும் நடுவில் நின்றால், எதற்கும் ஆள் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விதி மீறப்படும் தருணத்துக்குக் காத்திருங்கள். அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது. ஒரே பெட்டில், அதாவது ஒரே ட்ராம்போலின் வலையில், இரண்டு பேர் குதிப்பார்கள், அல்லது ஒரு பையன் தலைகீழாகப் பாய்வான். எத்தனை நொடியில் விசில் வருகிறது? அதே பையன் மூன்றாம் முறை செய்யும்போது என்ன நடக்கிறது? நல்ல இடத்தில் அவனை ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள். மோசமான இடத்தில் மார்ஷல் சிரிப்பார். சீருடை போட்ட மார்ஷலே பல்டி அடித்துக் காட்டினால், அதைப் பார்த்த பத்துப் பிள்ளைகள் அடுத்த நிமிடம் அதையே முயல்வார்கள். மார்ஷல் குனிந்து போன் பார்க்கிறார் என்றால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

பொறுப்பாளரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம். தன்மையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்று, சாதனங்கள் எந்தத் தரத்தின்படி அமைக்கப்பட்டவை? ட்ராம்போலின் பார்க்குகளுக்கென்றே ஐஎஸ்ஓ 23659 என்ற சர்வதேசத் தரம் 2022-இல் வந்தது. அதற்கு முன்பிருந்தே அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 2970 இருக்கிறது. உயரத்தில் கட்டும் கயிற்றுப் பாதைகளுக்கு ஐரோப்பாவின் இஎன் 15567. இவற்றில் ஒன்றின் பெயராவது பொறுப்பாளர் வாயில் வந்தால் நல்லது. இரண்டு, இன்று காலை சாதனங்களைச் சரிபார்த்த பதிவேடு. இன்றைய தேதி, கையெழுத்து, "மூன்றாம் எண் மெத்தைத் தையல் பிரிந்தது, மூடி வைக்கப்பட்டது" என்பது போன்ற குறிப்புகள் இருந்தால் உண்மையிலேயே பார்க்கிறார்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி டிக், அதுவும் நாளைய தேதிக்கும் சேர்த்து என்றால், அது ஆபீஸ் நோட்டு.

கையெழுத்துப் போடும் படிவம்

கவுன்டரில் டேப்லெட்டை நீட்டி "இங்க ஒரு சைன்" என்பார்கள். படித்துவிட்டுப் போடுங்கள். அடிபட்டால் பொறுப்பில்லை என்று எழுதியிருப்பதாலேயே அவர்களுடைய கவனக்குறைவுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. விளையாட்டின் இயல்பான ஆபத்து வேறு, பிரிந்த தையலை அப்படியே விட்டது வேறு. கூட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பெற்றோருக்கு லிங்க்கை அனுப்பச் சொல்லுங்கள்.

வலிப்பு, ஆஸ்துமா, அண்மையில் எலும்பு முறிவு அல்லது அறுவை சிகிச்சை என்றால் மறைக்காமல் எழுதுங்கள். கர்ப்பிணிகள் குதிக்கக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பு இணைப்பு தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. டாக்டரைக் கேட்காமல் ட்ராம்போலினில் விட வேண்டாம்.

கழற்ற வேண்டியவை

வெளிநாட்டு வழிகாட்டிகள் மோதிரம், கம்மலோடு நிறுத்திக்கொள்ளும். நம் பட்டியல் நீளம். வளையல், காப்பு, கொலுசு, மெட்டி, கழுத்திலும் காலிலும் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாம் கழற்றப்பட வேண்டும். மோதிரம்தான் இவற்றில் மோசம். தொங்கும்போது கம்பியில் மாட்டி உடல் எடை முழுதும் இழுத்தால் விரல் தோலையே உரித்துக்கொண்டு வந்துவிடும். மெட்டி ட்ராம்போலின் வலையில் சிக்கும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் உடைக்குள் விட்டு, மேலே மருத்துவ டேப்பை ஒட்டிக்கொள்ளலாம். ஊக்கு வேண்டாம். அரைஞாண் கயிறு, உயரத்தில் ஏறும்போது மாட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸ் பெல்ட்டுக்கு அடியில் அகப்பட்டால் அழுத்திப் புண்ணாக்கும், கொஞ்சம் மேலே ஏற்றிவிடுங்கள்.

துப்பட்டா, தொப்பியில் கயிறு தொங்கும் சட்டை இரண்டும் கூடாது. முழங்காலை மூடும் லெகின்ஸ் அல்லது டிராக் பேன்ட் நல்லது. மெத்தை உரசிச் சூடு பட்டது போல் தோல் வழண்டு போவது இங்கே சர்வ சாதாரணம். கிரிப் சாக்ஸ் பெரும்பாலும் அங்கேயே வாங்க வேண்டும். பழைய ஜோடியைக் கொண்டுபோனால் உள்ளங்காலில் ரப்பர் புள்ளிகள் மிச்சம் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அது வெறும் சாக்ஸ்.

நாணயமும் ஏடிஎம் கார்டும்

விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1176-இல் இரண்டு அளவுகள் முக்கியம். 8 முதல் 25 மி.மீ. வரையுள்ள ஓட்டையில் விரல் மாட்டும். 89 முதல் 230 மி.மீ. வரையுள்ள சந்தில் பிள்ளையின் உடல் நுழைந்து தலை மாட்டும். கழுத்தில் தொங்கிவிடக் கூடிய ஆபத்து அது. ஸ்கேல் கொண்டுபோக வேண்டாம். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ., ஏடிஎம் கார்டின் நீளம் சுமார் 86 மி.மீ. சுண்டுவிரல் நுழைந்து நாணயம் நுழையாத ஓட்டை என்றால் விரல் பொறி. தரையிலிருந்து உயரத்தில் இருக்கும் கம்பிகளுக்கு இடையே கார்டின் நீளப் பக்கம் தாராளமாகப் போகிறது, ஆனால் பெரியவர் தலை போகாது என்றால் அங்கே சின்னப் பிள்ளையை விடாதீர்கள்.

மெத்தையைச் சோதிக்க முஷ்டியால் அழுத்துங்கள். விரல் முட்டியில் தரை தட்டினால் அந்த மெத்தை செத்துவிட்டது. இரண்டு மெத்தை சேரும் இடத்தை ஒட்டும் பட்டையால் மூடியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் கால் இறங்கித்தான் கணுக்கால் திரும்பும். ட்ராம்போலினின் ஸ்பிரிங்கையும் இரும்புச் சட்டத்தையும் மூடும் பட்டைகள் நகர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கிழிசலில் பழைய டேப்புக்கு மேல் புது டேப், அதற்கும் மேல் இன்னொரு டேப் என்று அடுக்கடுக்காக இருந்தால், அது பல மாதமாகத் தள்ளிப்போட்ட வேலை.

ட்ராம்போலின்: ஒரு பெட், ஒரு ஆள்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ட்ராம்போலின் காயங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பல பேர் ஒரே நேரத்தில் குதிக்கும்போது நடப்பவை. காரணம் எளிது. எழுபது கிலோ அப்பா இறங்கும்போது வலை கீழே இழுபட்டுச் சக்தியைச் சேர்க்கிறது. அது மேலே வரும் நொடியில் பதினைந்து கிலோப் பிள்ளையின் கால் வலையில் பட்டால், அப்பாவின் சக்தியும் சேர்ந்து அந்தச் சின்ன எலும்பில் இடிக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே கால் எலும்பு விரிசல் விடுவது இப்படித்தான். பிள்ளை கீழே விழுந்திருக்கவே வேண்டாம். ஆகவே கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து குதிக்கும் அந்த அழகான போட்டோ வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழே ஆபத்து இன்னும் அதிகம். சின்னவர்களைத் தனிப் பகுதியில் விடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் தாழ்வாக, பெட்டின் நடுவில், முழங்காலை மடக்கி நிற்கப் பழகட்டும். நிற்கத் தெரியாதவனுக்குக் குதிக்கவும் தெரியாது. விழும்போது கையை ஊன்றக் கூடாது என்பதை வீட்டிலேயே கட்டில் மெத்தையில் பத்து முறை பழக்கிவிடுங்கள்: கையை மார்பில் கட்டு, முதுகை வளை, உருண்டுவிடு. பிள்ளைகளுக்கு முழங்கைக்கு மேலே எலும்பு முறிவது பெரும்பாலும் கையை நீட்டி ஊன்றி விழுவதால்தான்.

ஃபோம் பிட்

பார்த்தால் பஞ்சு மெத்தை. மோசமான கழுத்துக் காயங்கள் நடப்பதும் இங்கேதான். ஃபோம் கட்டைகள் நாளாக நாளாக நொறுங்கி அமுங்கும், அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். மேலே நிறைய இருப்பது போல் தெரியும், ஆழம் இருக்காது. ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பிழிந்து விடுங்கள். உடனே உப்பி வந்தால் சரி. பொடி உதிர்ந்து கையில் ஒட்டினால் ஆயுள் முடிந்துவிட்டது. கட்டைகள் விளிம்புக்கு ஒரு அடி கீழே கிடந்தால், யாரும் கிளறிவிடவோ நிரப்பவோ இல்லை. பல இடங்களில் இப்போது ஃபோமுக்குப் பதில் காற்றுப் பையை வைக்கிறார்கள். சுத்தத்துக்கும் சரி, மீட்பதற்கும் சரி, எங்கள் ஓட்டு அதற்கே.

பாதமோ பிருஷ்டமோ முதலில் பட வேண்டும். தலை, வயிறு, முழங்கால் முதலில் படக் கூடாது. முன்னால் குதித்தவர் விளிம்பில் ஏறி நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தவர் குதிக்க வேண்டும். சின்னப் பிள்ளை ஃபோமுக்குள் மூழ்கிக் கிடந்தால் மேலிருந்து தெரியாது. தூக்கும்போது ஒரு கையைப் பிடித்து இழுக்காதீர்கள், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழங்கை மூட்டு நழுவிவிடும். இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்குங்கள்.

நிஞ்சா கோர்ஸ்: தொங்குவதும் ஏறுவதும்

ஜப்பானியத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றிலிருந்து கிளம்பிய இந்தத் தடைகள், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் நவீன பென்டத்லானில் குதிரையேற்றத்துக்குப் பதிலாக வருகின்றன. நம் பிள்ளைக்கு அவ்வளவு அவசரம் இல்லை. வளையம், கம்பி எதுவானாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசையாமல் இருக்க வேண்டிய கம்பி கைக்குள் சுழன்றால் பிடி வழுக்கும். கை வேர்த்தால் சாக் பவுடர் கேளுங்கள், இல்லையென்றால் துண்டால் துடைத்துவிட்டுத் தொங்கட்டும். உள்ளங்கையில் சூடு தெரிந்ததுமே நிறுத்த வேண்டும். அடுத்த சுற்றில் தோல் பிய்ந்துவிடும்.

வளைந்த சுவரில் ஓடி ஏறும்போது கையெட்டாமல் சறுக்கினால் முகவாய் அடிபடும். உயரம் குறைந்த சுவரில் தொடங்கட்டும். ஒருவர் ஓடும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது.

ஹார்னஸ் மாட்டும்போது இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இருக்க வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம், முஷ்டி போகக் கூடாது. தையல் நூல் பிசிறு விட்டிருந்தால் வேறு கேளுங்கள். லேபிளில் உற்பத்தி ஆண்டு இருக்கும். துணிப்பட்டை ஹார்னஸ்களுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுதான் உச்ச வரம்பு. லேபிளே இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள். இடுப்பே இல்லாத ஒல்லிப் பிள்ளைக்குத் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வேண்டும், தலைகீழானால் இடுப்பில் மட்டும் மாட்டுவது கழன்றுவிடும். தானாகக் கயிறு சுருட்டும் கருவி உள்ள சுவர்களில் பெரிய விபத்துகளுக்கு முக்கியக் காரணம் கருவி பழுதாவது அல்ல, கொக்கியை மாட்ட மறந்து ஏறுவது. மார்ஷல் மாட்டிய பிறகு நீங்களும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

அடிபட்டால்

கழுத்து, முதுகு வலிக்கிறது, கை கால் மரத்துவிட்டது என்றால் யாரும் தூக்கக் கூடாது. அந்தப் பகுதியை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நிலையான பல் முழுதாகப் பெயர்ந்து வந்தால் வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுத்து, கான்டீன் பாலில் போட்டு, அரை மணிக்குள் பல் மருத்துவரிடம் போய்ச் சேருங்கள். விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மறுநாள் அங்கே புது மெத்தை இருக்கலாம்.

பணம் சம்பந்தமான குறை என்றால், சாக்ஸ், லாக்கர், கூட வருபவர் கட்டணம் எல்லாம் பில்லில் தனித்தனியாக வர வேண்டும். கையில் பட்டை கட்டிய நேரத்திலிருந்தா, விளையாட விட்ட நேரத்திலிருந்தா ஒரு மணி நேரம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டுக்கு வந்த பிறகும் தலையில் அடிபட்ட பிள்ளையை ஒரு நாள் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மறுநாள் கெண்டைக்கால் வலிப்பது சகஜம். ஆனால் சின்னப் பிள்ளை காலை ஊன்ற மாட்டேன் என்கிறது, வீக்கமும் இல்லை என்றால் "சுளுக்குதான்" என்று தைலம் தேய்க்காதீர்கள். எலும்பு டாக்டரிடம் காட்டி, ட்ராம்போலினில் குதித்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மெல்லிய விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஒரு வாரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.